உறைவிட மருத்துவர்: மாணவரா, ஊழியரா?

அரசு மருத்துவமனையில் நள்ளிரவில் கொண்டுவரப்படும் நோயாளியை முதலில் தொட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு முதுநிலை மருத்துவ மாணவர்தான். எம்.பி.பி.எஸ். முடித்து, நுழைவுத் தேர்வில் வென்று, எம்.டி. அல்லது எம்.எஸ். படிப்பில் சேர்ந்த அவர் மூன்றாண்டுகள் அந்த மருத்துவமனையிலேயே தங்கிப் படிக்கிறார். படித்துக்கொண்டே சிகிச்சையும் அளிக்கிறார். உறைவிட மருத்துவர் என்று அவரை அழைப்பதன் காரணம் அதுவே. கல்லூரியின் வருகைப் பதிவேட்டில் அவர் மாணவர். மருத்துவமனையின் பணிப் பட்டியலில் அவர் மருத்துவர். மாதந்தோறும் அவர் பெறும் தொகைக்கு உதவித்தொகை என்று பெயர். வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் அது என்ன என்ற கேள்விக்குத்தான் இன்றுவரை நேரான பதில் இல்லை.

இது சட்ட வல்லுநர்களின் சொல்லாராய்ச்சி மட்டுமன்று. கல்விக் கடனில் படிக்கும் மருத்துவர், அவருக்காக வீட்டை அடகு வைத்த பெற்றோர், படிப்புக் காலத்திலேயே மணம் முடித்த துணை என ஒரு குடும்பத்தின் வரவு செலவு முழுவதும் அந்தப் பதிலைச் சார்ந்திருக்கிறது.

கல்வி உதவியா, ஊதியமா?: வருமான வரிச் சட்டம் 1961இன் பிரிவு 10(16), கல்விச் செலவை ஈடுகட்ட வழங்கப்படும் உதவித்தொகைக்கு முழு வரிவிலக்கு அளிக்கிறது. தொகைக்கு உச்சவரம்பு இல்லை. அரசுதான் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. முதுநிலை மாணவர் பெறும் தொகை இந்தப் பிரிவுக்குள் வருமானால், அதற்கு ஒரு ரூபாய்கூட வரி இல்லை. அது ஊதியம் என்று கொள்ளப்பட்டால், வழக்கமான வரி விகிதங்கள் பொருந்தும்.

இவ்விரண்டில் எது சரி என்பதில் தீர்ப்புகள் ஒரே திசையில் செல்லவில்லை. பட்டம் பெறுவதே முதன்மை நோக்கம், சிகிச்சை அளிப்பது அந்தப் பயிற்சியின் பகுதி என்று கருதி வரிவிலக்கை ஏற்ற தீர்ப்பாய உத்தரவுகள் உண்டு. நிர்ணயிக்கப்பட்ட பணி நேரம், விடுப்பு, ஊதிய விகிதம், மேலதிகாரியின் கட்டுப்பாடு ஆகியவை இருக்கும் இடத்தில் முதலாளி-ஊழியர் உறவு இருக்கிறது என்ற வாதமும் வலுவானது. ஒவ்வொரு வழக்கும் நியமன ஆணையின் சொற்களையும் பணியின் தன்மையையும் பொறுத்தே முடிவாகிறது. விளைவாக, ஒரே பாடத்திட்டத்தில் ஒரே நேரம் உழைக்கும் இருவரில் ஒருவரின் கல்லூரி வரி பிடிக்காமல் தொகையைத் தரலாம். மற்றவரின் கல்லூரி அதை ஊதியமாகக் காட்டி வரி பிடிக்கலாம்.

எய்ம்ஸ் போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் நிலைமை ஓரளவு தெளிவாக இருக்கிறது. அங்கே இளநிலை உறைவிட மருத்துவருக்கு ஏழாவது ஊதியக் குழுவின் பத்தாம் நிலையில் 56,100 ரூபாயும், முதுநிலைப் படிப்பை முடித்த மூத்த உறைவிட மருத்துவருக்குப் பதினோராம் நிலையில் 67,700 ரூபாயும் அடிப்படை ஊதியம். அகவிலைப்படி உள்ளிட்ட படிகளும் உண்டு. ஊதிய விகிதத்தில் வைத்துக் கொடுக்கப்படும் தொகையைக் கல்வி உதவி என்று வாதிடுவது கடினம். மூத்த உறைவிட மருத்துவர் பட்டம் பெற்று முடித்தவர் என்பதால், அவர் பெறுவது எந்த நிறுவனத்திலும் வரிக்குரிய வருமானமே. குழப்பம் நிலவுவது மாநிலக் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளிலும் படிக்கும் முதுநிலை மாணவர்கள் விஷயத்தில்தான்.

புதிய வரி முறை தந்த நிம்மதி: 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் நான்கு லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு நான்கு லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 விழுக்காடு என உயர்ந்து, 24 லட்சத்துக்கு மேல் 30 விழுக்காடாகிறது. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்குப் பிரிவு 87ஏ-யின்கீழ் வரி முழுவதும் தள்ளுபடி. ஊதியமாகப் பெறுபவருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு என்பதால், 12.75 லட்சம் வரை வரி இல்லை.

இதனால் பெரும்பாலான முதுநிலை மாணவர்களுக்கு, அவர்கள் பெறுவது உதவித்தொகையோ ஊதியமோ, செலுத்த வேண்டிய வரி இல்லாமல் போகிறது. அப்படியானால் இந்த விவாதம் எதற்கு என்று கேட்கலாம். மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, மத்திய நிறுவனங்களில் படிகள் அனைத்தும் சேரும்போது ஆண்டு வருமானம் 12 லட்சத்தின் விளிம்பைத் தொடவோ தாண்டவோ கூடும். விளிம்பைச் சற்றே தாண்டியவருக்கு, தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாதபடி ஒரு நிவாரணம் இருக்கிறது. ஆனால் வங்கி வட்டி, வார இறுதியில் வேறிடத்தில் அனுமதியுடன் பார்த்த பணிக்கான கட்டணம் போன்றவை சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். இரண்டாவது, மாணவரின் தொகை பிரிவு 10(16)-க்குள் வருமானால், அது மொத்த வருமானத்திலேயே சேராது. புதிய வரி முறை பல விலக்குகளைப் பறித்துக்கொண்டாலும், இந்த விலக்கைப் பறிக்கவில்லை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. மூன்றாவது காரணம் டிடிஎஸ் எனப்படும், பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி.

பிடித்த வரி, கேட்காத பணம்: தனியார் மருத்துவமனை ஒன்று தன்னிடம் பயிற்சி பெறும் மருத்துவருக்கு மாதம் 75,000 ரூபாய் கொடுக்கிறது என்று கொள்வோம். அதைத் தொழில்முறைக் கட்டணம் என்று வகைப்படுத்திப் பிரிவு 194ஜே-யின்கீழ் பத்து விழுக்காடு வரி பிடித்தால், ஆண்டுக்கு 90,000 ரூபாய் போய்விடும். ஒன்பது லட்சம் ரூபாய் வருமானத்துக்குப் புதிய முறையில் அவர் செலுத்த வேண்டிய வரியோ பூஜ்யம். பிடிக்கப்பட்ட 90,000 ரூபாயும் அவருக்குத் திரும்ப வர வேண்டிய பணம்தான். ஆனால் அவர் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் அது வரும். இரவுப் பணிக்கும் தேர்வுக்கும் இடையில் அல்லாடும் மாணவர் கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டால், அது அரசின் கருவூலத்திலேயே தங்கிவிடும்.

எனவே, ஒவ்வோர் ஆண்டும் வரித் துறையின் இணையதளத்தில் தம் பெயரில் பிடிக்கப்பட்ட வரியையும், தமக்கு வந்ததாகக் காட்டப்பட்டுள்ள வருமானத்தையும் சரிபார்ப்பது உறைவிட மருத்துவர் செய்ய வேண்டிய முதல் வேலை. எந்தப் பிரிவின்கீழ் வரி பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிவு 192 என்றால் ஊதியம்; 194ஜே என்றால் தொழில்முறைக் கட்டணம்.

அந்த வகைப்பாட்டால் விளையும் வேறுபாடு சிறியதன்று. படிப்பை முடித்து மருத்துவமனையில் ஆலோசகராகச் சேரும் ஒருவர் ஆண்டுக்கு 20 லட்சம் பெறுகிறார் என்போம். அது ஊதியமானால், நிலையான கழிவு போக 19.25 லட்சத்துக்கு, செஸ் உள்பட 1,92,400 ரூபாய் வரி. அதுவே தொழில்முறைக் கட்டணமாகி, அவர் பிரிவு 44ஏடிஏ-யின் உத்தேச வரி முறையைத் தேர்ந்தால், வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். பத்து லட்சம் வருமானத்துக்குத் தள்ளுபடி கிடைப்பதால் வரியே இல்லை. ஆனால் இது விருப்பம்போல் எடுத்துக்கொள்ளும் சலுகை அன்று. நிர்ணயித்த நேரம், நிரந்தரத் தொகை, விடுப்பு விதிகள், நிர்வாகக் கட்டுப்பாடு ஆகியவற்றோடு உழைப்பவரை, ஒப்பந்தத்தில் ஆலோசகர் என்று எழுதிவிட்டதாலேயே தொழில்முனைவோராகச் சட்டம் ஏற்காது. பயிற்சியிலிருக்கும் உறைவிட மருத்துவருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மருத்துவமனை தன் வசதிக்காகச் செய்யும் வகைப்பாட்டுக்குப் பின்னாளில் விளக்கம் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான்.

இன்னொரு வேதனையும் இருக்கிறது. முதுநிலை மருத்துவக் கல்விக்கான 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், தனியார் கல்லூரி மாணவர்களுக்கும் அந்தந்த மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளுக்கு இணையான உதவித்தொகை தரப்பட வேண்டும் என்கின்றன. ஆனால் சில தனியார் கல்லூரிகளில் உதவித்தொகை தரப்படுவதில்லை என்றும், வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டுப் பின்வாசல் வழியாகத் திரும்பப் பெறப்படுகிறது என்றும் மாணவர்கள் தொடர்ந்து முறையிடுகிறார்கள். அப்படித் திரும்பப் பறிக்கப்படும் இடத்தில், கையில் நிற்காத பணம் வரித் துறையின் ஏட்டில் மாணவரின் வருமானமாக நிற்கிறது.

குடும்பத்துக்கு உரிய கழிவுகள்: உறைவிட மருத்துவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பயன்படக்கூடிய கழிவுகளில் பெரும்பாலானவை பழைய வரி முறையில் மட்டுமே உயிருடன் இருக்கின்றன.

அவற்றில் முதன்மையானது பிரிவு 80இ. உயர்கல்விக்காக வங்கியிடமோ, அறிவிக்கப்பட்ட நிதி நிறுவனத்திடமோ, அங்கீகரிக்கப்பட்ட அறக்கட்டளையிடமோ பெற்ற கடனுக்குச் செலுத்தும் வட்டி முழுவதையும் உச்சவரம்பின்றிக் கழித்துக்கொள்ளலாம். அசலுக்குக் கழிவு கிடையாது. உறவினரிடமோ வட்டிக்கடைக்காரரிடமோ வாங்கிய கடனுக்கும் இது பொருந்தாது. தமக்காக மட்டுமன்றி, கணவன் அல்லது மனைவிக்காகவும் பிள்ளைகளுக்காகவும் வாங்கிய கடனுக்கும் கழிவு உண்டு. ஆனால் கடனை வாங்கியவரே, தம் வரிக்குரிய வருமானத்திலிருந்து வட்டியைச் செலுத்தியிருக்க வேண்டும். மகளின் படிப்புக்குத் தந்தை கடன்தாரராகக் கையெழுத்திட்டுத் தம் வருமானத்திலிருந்து வட்டி கட்டினால், கழிவு தந்தைக்கு. எனவே, கடன் விண்ணப்பத்தில் யார் பெயர் இடம்பெறுகிறது, வட்டி யார் கணக்கிலிருந்து போகிறது என்பதைத் தொடக்கத்திலேயே குடும்பம் யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

பெற்றோர் பிள்ளைகளுக்காகச் செலுத்தும் கல்விக் கட்டணத்துக்குப் பிரிவு 80சி-யில் இடம் உண்டு. இந்தியாவில் முழுநேரம் படிக்கும் இரு பிள்ளைகள் வரை இது பொருந்தும். நன்கொடையும் வளர்ச்சி நிதியும் சேராது. வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்தே உச்சவரம்பு 1.5 லட்சம். தம் படிப்புக்குத் தாமே கட்டணம் செலுத்தும் மருத்துவர் இதைக் கோர முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரிவு 80டி-யின்கீழ் தமக்கும் துணைக்கும் பிள்ளைகளுக்குமாக 25,000 ரூபாய் வரையும், பெற்றோருக்காகக் கூடுதலாக 25,000 ரூபாய் வரையும் கழிவு உண்டு. பெற்றோர் மூத்த குடிமக்களாக இருந்தால் அந்தக் கூடுதல் தொகை 50,000 ரூபாய். விடுதியில் இடம் கிடைக்காமல் குடும்பத்தோடு வாடகை வீட்டில் இருப்பவர், வீட்டு வாடகைப் படி பெற்றால் அதற்குரிய விலக்கைக் கோரலாம். அந்தப் படி கிடைக்காதவருக்குப் பிரிவு 80ஜிஜி மாதம் அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, சில நிபந்தனைகளுடன், கழிவு தருகிறது.

எட்டாண்டுக் கடிகாரம்: பிரிவு 80இ தாராளமானதுபோல் தோன்றினாலும், அதில் ஒரு முள் இருக்கிறது. வட்டி செலுத்தத் தொடங்கிய ஆண்டும் அடுத்த ஏழு ஆண்டுகளும் மட்டுமே கழிவு. பெரும்பாலான கல்விக் கடன்களில் படிப்புக் காலத்தில் தவணை கட்டத் தேவையில்லை. ஆயினும் கடன் சுமை பெருகாமலிருக்க, அப்போதே வட்டியைக் கட்டிவருகின்றன பொறுப்புள்ள குடும்பங்கள். அவ்வாறு கட்டத் தொடங்கிய ஆண்டிலேயே மருத்துவரின் எட்டாண்டுக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. எம்.டி. மூன்றாண்டுகளில் அவருக்கு வரியே இல்லை என்பதால் அந்த மூன்றாண்டுக் கழிவால் பயனில்லை. பின்னர் நல்ல வருமானம் வந்து, கழிவு உண்மையில் உதவக்கூடிய காலத்தில், எட்டில் மூன்று கரைந்திருக்கும். உயர் சிறப்புப் படிப்புக்கும் போனால் மேலும் மூன்றாண்டுகள் கரையும். சிக்கனமாக நடந்துகொண்டவரைச் சட்டம் தண்டிப்பது போன்ற நிலை இது.

அதைவிடப் பெரிய கேள்வி, இந்தக் கழிவு இன்று யாருக்குப் பயன்படுகிறது என்பது. படிப்பை முடித்து ஆண்டுக்கு 18 லட்சம் ஊதியம் பெறும் மருத்துவரை எடுத்துக்கொள்வோம். கல்விக் கடன் வட்டி 3 லட்சம், 80சி சேமிப்பு 1.5 லட்சம், தமக்கும் பெற்றோருக்கும் காப்பீடு 50,000 ரூபாய். பழைய முறையில் நிலையான கழிவு 50,000 ரூபாயும் போக, வரிக்குரிய வருமானம் 12.5 லட்சம், வரி, செஸ் உள்பட 1,95,000 ரூபாய். புதிய முறையில் எந்தக் கழிவும் கேட்காமல், 75,000 ரூபாய் மட்டும் கழித்து 17.25 லட்சத்துக்கு 1,50,800 ரூபாய். மூன்று லட்சம் வட்டி கட்டியும், அந்தக் கழிவைக் கோருவதே அவருக்கு 44,200 ரூபாய் நஷ்டம். அவரே ஆண்டுக்கு 1.8 லட்சம் வீட்டு வாடகைப் படி விலக்குக்கும் தகுதி பெற்றால், பழைய முறையில் வரி 1,38,840 ரூபாயாகக் குறைந்து, நூலிழையில் அது லாபமாகிறது. ஆகவே, எந்த முறை நல்லது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. ஒவ்வோர் ஆண்டும் இரண்டையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஊதியம் பெறுபவர் ஆண்டுதோறும் மாற்றித் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பழைய முறை வேண்டுமானால் உரிய கெடுவுக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். கெடு தவறினால் அந்த வாய்ப்பும் போய்விடும். தொழில்முறை வருமானம் உள்ளவருக்கு இப்படி மாறி மாறித் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை.

மேலேயுள்ள கணக்கு காட்டுவது இதுதான்: கடன் வாங்கிப் படித்தவரும் பெற்றோரின் செல்வத்தில் படித்தவரும் புதிய முறையில் ஒரே வரியைக் கட்டுகிறார்கள். எளிமையை நோக்கிய பயணத்தில், கடனாளியின் சுமை வரிச் சட்டத்தின் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது.

அமெரிக்கா தந்த பதில்: உறைவிட மருத்துவர் மாணவரா ஊழியரா என்ற கேள்வி அமெரிக்காவிலும் நெடுநாள் வழக்காக நடந்தது. மாணவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து அங்கே விலக்கு உண்டு. அது தங்களுக்கும் பொருந்த வேண்டும் என்று மேயோ மருத்துவ அறக்கட்டளை உள்ளிட்டோர் வாதிட்டனர். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முழுநேரம் பணியாற்றும் உறைவிட மருத்துவர்களை ஊழியர்களாகக் கருதும் அரசின் விதி செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. முடிவு மருத்துவர்களுக்குச் சாதகமாக இல்லை. ஆனாலும் முடிவு என்று ஒன்று கிடைத்தது. அங்கே கல்விக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் வரை மட்டுமே கழிவு. வருமானம் உயர்ந்தால் அதுவும் தேய்ந்து மறைந்துவிடும். உச்சவரம்பற்ற நம் 80இ அதைவிடத் தாராளமானது. ஆனால் விதி தெளிவாக இருந்தால் குடும்பம் திட்டமிட முடியும் என்பது அங்கிருந்து நாம் கற்க வேண்டியது.

செய்ய வேண்டியவை: 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 2025-26 நிதியாண்டு வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்றாலும், இனி பிரிவுகளின் எண்கள் மாறும். மொழியை எளிமையாக்கிக் குழப்பங்களைக் களைவதே புதிய சட்டத்தின் நோக்கம் என்று அரசு கூறுகிறது. அந்த நோக்கத்தைச் சோதித்துப் பார்க்க உறைவிட மருத்துவரின் உதவித்தொகையைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

முதலில், முதுநிலை மருத்துவ மாணவருக்கு அங்கீகரிக்கப்பட்ட படிப்புக் காலத்தில் வழங்கப்படும் தொகை கல்வி உதவித்தொகையா, ஊதியமா என்பதை மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை மூலம் நாடு முழுமைக்கும் ஒரேமாதிரி தெளிவுபடுத்த வேண்டும். எதுவானாலும் அது தொழில்முறைக் கட்டணம் ஆகாது என்பதையேனும் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது, கல்விக் கடன் வட்டிக் கழிவின் எட்டாண்டுக் காலம், படிப்பு முடிந்த பிறகே தொடங்குவதாகத் திருத்தப்பட வேண்டும். மூன்றாவது, அந்தக் கழிவு புதிய முறையிலும், ஓர் உச்சவரம்புடனாவது, அனுமதிக்கப்பட வேண்டும். நான்காவது, உதவித்தொகை கொடுக்கப்பட்டதாகக் கல்லூரிகள் காட்டும் கணக்கையும், வரித் துறையிடம் உள்ள தரவையும் தேசிய மருத்துவ ஆணையம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காகிதத்தில் மட்டும் கொடுக்கப்பட்ட உதவித்தொகை எங்கே என்று தெரிந்துகொள்ள அதைவிட எளிய வழி இல்லை.

கிராமப்புற மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர்கள் இல்லை என்று ஆண்டுதோறும் கவலைப்படுகிறோம். முப்பது வயதைக் கடந்தும் கடனோடு நிற்கும் மருத்துவர், அதிகம் தரும் பெருநகரத் தனியார் மருத்துவமனையை நாடுவதில் வியப்பில்லை. வரிச் சட்டத்தில் செய்யப்படும் சிறு திருத்தங்கள் அந்தப் போக்கை முழுவதும் மாற்றிவிடப் போவதில்லை. ஆனால் கடன் வாங்கிப் படித்தவர் அரசுப் பணியையும் சிறு நகரத்தையும் எண்ணிப் பார்ப்பதற்கான இடத்தை அவை சற்றே அகலமாக்கும்.